நெட் அறுந்தாலும் உள்ளே நுழைய ஒரு வழி

கேபிள் டிவி நடத்தியவர்களில் பலர் இன்று இன்டர்நெட் நடத்துகிறார்கள். திருவள்ளூரைத் தாண்டித் திருப்பதி ரோட்டில் போனால் ஊருக்கு ஒரு சின்ன அறை பார்க்கலாம். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே ஒரு ரேக், அதில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஓஎல்டி ஒன்றிரண்டு, ஒரு ஸ்விட்ச், ஒரு ரூட்டர், கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும். ஊரில் முந்நூறு வீட்டுக்கு யூடியூப் ஓடுவது இந்த அறையிலிருந்துதான்.

கனகம்மாசத்திரம் கூட்ரோடு டீக்கடையில் இப்படி ஓர் அறைக்குச் சொந்தக்காரரான தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, கன்சோல் சர்வர்னு ஒண்ணு வை, வைன்னு சொல்றாங்க. கொட்டேஷன் கேட்டா லட்சத்துல வருது. நமக்கு அது வேணுமா?”

அவருக்கு மெயின் அறை கனகம்மாசத்திரத்தில். திருவாலங்காட்டில் ஒரு ஓஎல்டி, பூனிமாங்காட்டில் ஒன்று, திருத்தணி டவுனில் ஒன்று. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, இன்னொரு டீ சொல்லித்தான் முடித்தோம்.

முதலில் அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓஎல்டியோ, ஸ்விட்சோ, ரூட்டரோ, எதன் முகத்தைப் பார்த்தாலும் பெரும்பாலும் ‘கன்சோல்’ என்று எழுதிய ஓட்டை ஒன்று இருக்கும். ஐபி முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் போட்டு நெட்வொர்க் வழியாக உள்ளே போவது முன்வாசல். கன்சோல் என்பது கொல்லை வாசல். ஐபி அழிந்தாலும், கான்ஃபிகரேஷன் கெட்டாலும், மென்பொருள் அப்டேட் பாதியில் நின்று பெட்டி எழுந்திருக்கவே மறுத்தாலும் அந்த ஓட்டை பேசும். லேப்டாப்பை எடுத்துப்போய் நீலக் கேபிளைச் சொருகி, பட்டி என்ற மென்பொருளைத் திறந்து 9600 என்று வேகம் வைத்தால் கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். ஓஎல்டி வாங்கிய நாளில் கம்பெனி ஆள் வந்து செய்தது இதைத்தான்.

கன்சோல் சர்வர் என்பது அந்த லேப்டாப்புக்குப் பதிலாக அங்கேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பெட்டி, அவ்வளவுதான். ஒரு பக்கம் எட்டோ பதினாறோ சீரியல் போர்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கருவியின் கன்சோலுக்குக் கேபிள் போகும். மறுபக்கம் நெட்வொர்க். நீங்கள் வீட்டிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, ‘மூன்றாம் போர்ட்டைக் கொடு’ என்றால் மூன்றாம் கருவியின் கறுப்புத் திரை உங்கள் முன்னால் வரும்.

இந்தக் கம்பிக்குள் ஓடும் மொழி பழையது. ஆர்எஸ்-232 என்ற தரம் 1960இல் வந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அதே 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான். ம.பொ.சி. போராடிப் பெற்ற எல்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், அறுபது வருஷத்துக்கும் மேலாக இரண்டும் பெரிதாக மாறாமல் இருக்கின்றன என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக வரும் ஓஎல்டியில்கூட அதே மொழிதான். அதனால்தான் இருபது வருஷப் பழைய கன்சோல் பெட்டி இன்றைய ஓஎல்டியோடு பேசும். மலிவு விலைக் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

‘இது நமக்கு வேணுமா?’ என்பதற்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி ஓஎல்டி நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? காவடிக் கூட்டத்தில் பைக் போகாது. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டோரம் முழுக்க இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பூனிமாங்காட்டுக்குப் போய் ஷட்டர் திறந்து, ஒரே ஒரு வரி தட்டிவிட்டுத் திரும்பியவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. போய் வரும் பெட்ரோலைவிட, அதற்குள் வரும் போன்கள்தான் பெரிய செலவு.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம்போல நின்றன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகள் அத்தனையையும் துண்டித்துவிட்டது. இப்படி ஆகும்போது உள்ளே போகவென்று அவர்களிடம் தனி வழி ஒன்று இருந்தது. அன்றைக்கு அதுவும் வேலை செய்யவில்லை. கடைசியில் ஆள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 8ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்தது. 1 கோடியே 20 லட்சம் வாடிக்கையாளருக்கு மேல் போனும் இல்லை, நெட்டும் இல்லை. கருவிகளை மேலாண்மை செய்யும் வழி, விழுந்துபோன அதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கருவிகள் இருந்தன, இன்ஜினியர்கள் இருந்தார்கள், நடுவில் பாதைதான் இல்லை.

இந்த இரண்டையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கன்சோல் சர்வர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி “எத்தனை போர்ட்?” என்பது. நான் முதலில் கேட்பது “எந்த வழியாக அதற்குள் போவீர்கள்?” என்று. இரண்டு லட்சத்துக்கு வாங்கிய பெட்டியை உங்கள் ஸ்விட்சிலேயே சொருகி வைத்தால், ஸ்விட்ச் விழும்போது பெட்டியும் கைக்கு எட்டாது. ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குத் தனியாக ஒரு சிம்மும், தனியாக ஒரு சின்ன பேட்டரியும் கொடுத்தால் அது அந்த இரண்டு லட்சத்தை ஜெயித்துவிடும். காசு போட வேண்டிய இடம் அது.

ஆகவே சிம்மைப் பற்றி முதலில். உங்களுக்கு பேண்ட்வித் கொடுப்பது எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி சிம் வேண்டாம். அவர்கள் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். அதோடு, பக்கத்து டவருக்கு வரும் ஃபைபர் எந்தப் பக்கம் வருகிறது என்று லைன்மேனிடம் விசாரியுங்கள். கம்பெனி வேறாக இருந்தும் இரண்டு ஃபைபரும் நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் கிடந்தால், ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்தே வாரிப்போடும். ஒன்று ரோட்டோரம், ஒன்று ரயில் பாதையோரம் வந்தால் நல்லது. அரக்கோணம் லைன் திருவாலங்காடு வழியாகத்தான் போகிறது. பள்ளிப்பட்டுப் பக்கம் இடம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அங்கே சில இடங்களில் மோடம் ஆந்திரா டவரைப் பிடிக்கும். சிக்னல் அலையாமல் ஒரே டவரில் நிற்கிறதா என்று ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு ஆண்டெனாவைத் திருகுங்கள்.

வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிளை எடுத்துவராதீர்கள். ஜியோவில் 3ஜி என்பதே கிடையாது, ஏர்டெலும் அதை நிறுத்திவிட்டது. 4ஜி டாங்கிள்தான் வேண்டும்.

அடுத்து ஒரு சிக்கல். மொபைல் சிம்மில் உங்களுக்கென்று தனி பொது ஐபி வராது. ஆயிரம் பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து நீங்கள் பெட்டியைக் கூப்பிட முடியாது. பெட்டிதான் உங்களைக் கூப்பிட வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் இதற்கு நன்றாகப் பொருந்தும். மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிளவுட் சர்வரை நடுவில் வைத்து, எல்லா அறைப் பெட்டிகளும் அதற்கு டனல் போட்டுக் காத்திருக்கும்படி செய்யலாம். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பச் சொல்லிவிட்டால் டனல் மூடிக்கொள்ளாது. காசு மிச்சம் என்று அந்த நடு சர்வரை உங்கள் மெயின் அறைக்குள் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ரோஜர்ஸ் கதைதான்.

இப்போது பெட்டிக்கு வருவோம்.

இதற்கென்றே செய்த புதுப் பெட்டிகள் இருக்கின்றன. ஓப்பன்கியர், லான்ட்ரோனிக்ஸ், வெர்டிவ், பெர்ல் என்று பல பெயர்கள். நல்ல பெட்டிகள்தான். இரண்டு பவர் சப்ளை, உள்ளேயே எல்டிஇ, கன்சோலில் ஓடும் ஒவ்வொரு எழுத்தையும் சேமித்து வைக்கும் வசதி, யார் எப்போது நுழைந்தார் என்ற கணக்கு எல்லாம் இருக்கும். வங்கியின் டேட்டா சென்டருக்கு இதுதான் சரி. ஊருக்கு ஒரு ஓஎல்டி வைத்திருப்பவருக்கு இல்லை. இது கஞ்சத்தனமும் இல்லை. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கிறது. ஊராட்சிக் கட்டடத்தில் ரேக்கும் ரூட்டரும் யுபிஎஸ்ஸும் உட்காருகின்றன. இடத்துக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டி என்று வைத்தால் அதற்கே 125 கோடி. நெட்வொர்க் கிராமத்துக்குள் போகப் போக, ஓர் இடத்துக்கு எவ்வளவு செலவு என்பதுதான் முதல் கேள்வி ஆகிறது.

அடுத்தது செகண்ட் ஹேண்ட். இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் சிஸ்கோ 2511. பதினாறு சீரியல் போர்ட் உள்ள பழைய ரூட்டர். சிசிஎன்ஏ படித்த தலைமுறைக்கு லேப் என்றாலே இதுதான். 2001 முதல் 2016 வரை போர்ட் எண் கொடுத்து டெல்நெட் செய்தால் ஒவ்வொரு கருவியாகத் திறக்கும். வாங்காதீர்கள். ஈத்தர்நெட்டுக்கே தனியாக ஒரு டிரான்ஸீவர் தேடவேண்டும். ஒரு கேபிளிலிருந்து எட்டு வால் பிரியும் ஆக்டல் கேபிள் இல்லாவிட்டால் பெட்டி வெறும் இரும்பு. பல சமயம் ரூட்டரைவிடக் கேபிளுக்குத்தான் அதிகம் கேட்பார்கள். அதற்குப் பின் வந்த 2811இல் பதினாறு போர்ட் அசிங்க் கார்டு போட்டது கிடைத்தால் பார்க்கலாம். ஆனால் ஃபேன் சத்தமும் கரண்டும் சேர்ந்து வரும். கரண்ட் போன ராத்திரியில் உங்கள் பேட்டரியைக் குடிப்பதும் அதுதான்.

பழைய சிஸ்கோவைக் கன்சோல் பெட்டியாக வைத்தால் ‘நோ எக்ஸெக்’ என்ற ஒரு வரியை மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் இந்தப் பெட்டி சீரியல் கம்பியில் “யூசர்நேம்?” என்று கேட்கும். அந்த முனையில் இருக்கும் ரூட்டர் அதையே யூசர்நேமாக எடுத்துக்கொண்டு “பாஸ்வேர்டு?” என்று திருப்பிக் கேட்கும். இப்படி இரண்டும் ராப்பகலாக ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அவசரத்துக்கு நுழையப் பார்க்கும்போது லைன் பிஸி என்று வரும்.

சைக்ளேட்ஸ், அவோசென்ட் என்ற பெயரில் பழைய அசல் கன்சோல் சர்வர்களும் அவ்வப்போது சந்தைக்கு வரும். சைக்ளேட்ஸ் பிரேசிலில் பிறந்த கம்பெனி. அதை அவோசென்ட் வாங்கியது, அவோசென்டை எமர்சன் வாங்கியது, அங்கிருந்து பிரிந்ததுதான் இன்றைய வெர்டிவ். உள்ளே ஓடுவது லினக்ஸ். மெயின் அறையில் எட்டுப் பத்துக் கருவி வைத்திருப்பவருக்கு நியாயமான விலையில் கிடைத்தால் இதுதான் நல்ல வேட்டை. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இவற்றில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் குறியாக்கம் பழையது. இன்றைய லேப்டாப் நேராகப் பேச மறுக்கும். பழைய முறையை அனுமதி என்று லேப்டாப்பில் சொல்ல வேண்டிவரும். அதனால் இதை ஒருபோதும் பொது இன்டர்நெட்டில் வைக்கக் கூடாது, விபிஎன்னுக்குப் பின்னால்தான். இரண்டாவது, கேபிளின் பின் வரிசை சிஸ்கோ மாதிரி இருக்காது. அதைக் கேபிள் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மூன்றாவது வழி நாமே சேர்ப்பது. ராஸ்பெர்ரி பை, நான்கு யுஎஸ்பி சீரியல் கேபிள், செர்டுநெட் அல்லது கான்சர்வர் என்ற இலவச மென்பொருள். யூடியூபில் ஆளுக்கொரு வீடியோ போட்டிருக்கிறார்கள். நன்றாகவே ஓடும். ஆனால் திருத்தணி வட்டாரத்தில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி சர்வசாதாரணம், ஷீட் போட்ட அறைக்குள் இன்னும் மேலே போகும். அடிக்கடி கரண்ட் போய் வந்தால் மெமரி கார்டும் கெடும். ராஸ்பெர்ரி பைக்குப் பதிலாகச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய தின் கிளையன்ட் ஒன்றை வாங்குங்கள் என்பேன். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய சின்னக் கம்ப்யூட்டர். ஃபேன் இருக்காது, மெமரி கார்டை நம்பியிருக்காது, பல மாடல்களில் அசல் சீரியல் போர்ட்டே ஒன்றோ இரண்டோ இருக்கும். லினக்ஸ் போட்டு கான்சர்வர் வைத்தால், ஒரே கன்சோலை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கலாம். கனகம்மாசத்திரத்திலிருந்து நீங்கள், சென்னையிலிருந்து ஓஎல்டி கம்பெனி சப்போர்ட் ஆள்.

கான்சர்வருக்கு இன்னொரு பெருமையும் உண்டு, பலருக்கு இது தெரியாது. யாரும் பார்க்காத நேரத்திலும் அது கன்சோலில் வந்த எழுத்தையெல்லாம் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். ஓஎல்டி மத்தியானம் மூன்று மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடா, பவர் சப்ளையா, மென்பொருளா? ரீஸ்டார்ட் ஆனதும் உள்ளே இருந்த லாக் போய்விடும். சாகும்போது கடைசியாக அது கன்சோலில் கக்கிய நாலு வரி உங்கள் ஃபைலில் இருக்கும். வாரண்டி சண்டையில் அந்த நாலு வரிக்கு நிறைய மதிப்பு.

நான்காவது வழி உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. “மைக்ரோடிக் வெச்சிருக்கேனே அண்ணா” என்றார் தம்பி. ஆமாம், அதுதான். யுஎஸ்பி ஓட்டை உள்ள சின்ன மைக்ரோடிக், ஹெக்ஸ் மாதிரி ஒன்று போதும். அதில் ஓடும் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளில் ‘ரிமோட் ஆக்ஸஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. யுஎஸ்பியில் சொருகிய சீரியல் கேபிளை நெட்வொர்க் போர்ட்டாகத் திறந்துவிடும். தனியே மின்சாரம் வாங்கும் நல்ல யுஎஸ்பி ஹப் ஒன்று வைத்தால் சீரியல் கேபிளும் 4ஜி டாங்கிளும் சேர்ந்தே உட்காரும். ரவுட்டர்ஓஎஸ் ஏழாம் பதிப்பிலிருந்து வயர்கார்டு உள்ளேயே வருகிறது. இதில் குறைகளும் உண்டு. கன்சோல் லாக்கை இது சேமிக்காது. அந்தப் போர்ட்டில் ஓடும் பேச்சுக்குக் குறியாக்கமும் கிடையாது. டனலுக்குள் இருந்து மட்டும் வரும்படி ஃபயர்வாலில் கட்டியே ஆகவேண்டும். சிம், ஹப், கேபிள் எல்லாம் சேர்த்து ஓர் இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரத்தைச் சுற்றி முடியும்.

யுஎஸ்பி சீரியல் கேபிளில் சிப் என்ன என்று கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ சிப் நல்லது, போலியும் ஏராளம். 2014 அக்டோபரில் அந்தக் கம்பெனி விண்டோஸ் டிரைவர் அப்டேட் வழியாகப் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. உலகம் முழுக்கக் கேபிள்கள் திடீரென்று செத்தன. தாங்கள் வாங்கியது போலி என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சிப்பின் சீரியல் எண் இன்னொரு விதத்திலும் முக்கியம். எண் இல்லாத மலிவுக் கேபிள் நாலு சொருகினால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒன்று முதலாவதாகவும் மற்றொன்று இரண்டாவதாகவும் இடம் மாறும். ஓஎல்டி என்று நினைத்து மெயின் ரூட்டரில் ரீபூட் தட்டுவீர்கள். நாலு போர்ட் ஒரே சிப்பில் வரும் அடாப்டர் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். எதைத் தட்டும் முன்னும் திரையில் வரும் ஹோஸ்ட்நேமைப் படித்துவிட்டுத் தட்டுவதும் நல்லது.

கேபிள். இங்கேதான் ஆட்கள் அதிகம் திணறுகிறார்கள். கன்சோல் ஓட்டை பார்க்க லேன் ஓட்டை மாதிரியே இருக்கும், லேன் கேபிளும் அதில் போகும். ஆனால் உள்ளே எட்டுப் பின்னும் வேறு வேலை பார்க்கின்றன. ஆர்ஜே45இல் மூன்றாவது பின்னில் அனுப்பி ஆறாவது பின்னில் வாங்குவது சிஸ்கோ வழக்கம். இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால் நடுவில் தலைகீழாக்க வேண்டும், ஒன்று எட்டுக்கு, இரண்டு ஏழுக்கு. அதுதான் ரோல்ஓவர். சில பெட்டிகள் சாதா லேன் கேபிளையே ஏற்கும்படி பின்னை மாற்றி வைத்திருக்கும். சைக்ளேட்ஸ் இரண்டிலும் சேராது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். பெட்டி வாங்கும்போதே “பின் அவுட் என்ன?” என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் தயாரிப்பாளரின் கையேட்டில் ஒரு பக்க அட்டவணை கிடைக்கும்.

கன்சோல் கேபிளுக்கு வேறு நிறம் வையுங்கள். அவசரத்தில் யாராவது பேஸிவ் பிஓஇ வரும் கேபிளைக் கன்சோலில் சொருகினால் போர்ட் எரியும், சில சமயம் போர்டே போகும். ஓஎல்டியின் மூடியைத் திறந்து உள்ளே போர்டில் தெரியும் நாலு பின்னில் கம்பி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் 3.3 வோல்ட். ஆர்எஸ்-232 கேபிளில் அதைவிடக் கூடுதலாகவும், நெகட்டிவாகவும் வரும். வைத்தால் செத்துவிடும்.

வேகம் எல்லாவற்றுக்கும் 9600 இல்லை. சிஸ்கோ, ஜூனிப்பர் 9600. மைக்ரோடிக் 115200. ஓஎல்டிகளில் இரண்டும் உண்டு. திரையில் புரியாத கிறுக்கல் வந்தால் கேபிள் சரி, வேகம்தான் தப்பு. ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். புது ஸ்விட்ச்களில் யுஎஸ்பி கன்சோலும் இருக்கும். சிஸ்கோவில் அதில் கேபிள் சொருகியிருந்தால் ஆர்ஜே45 கன்சோலில் தட்டுவது ஏறாது. யாரோ லேப்டாப்போடு சொருகிவிட்டுப் போன யுஎஸ்பி கேபிளால்கூடக் கன்சோல் ஊமையாகலாம்.

பவர் விஷயத்தில் ஹெக்ஸ் மாதிரிச் சின்னப் பெட்டிதான் ஜெயிக்கிறது. 8 முதல் 30 வோல்ட் வரை எது கொடுத்தாலும் வாங்கும். ஒரு சின்ன 12 வோல்ட், 7 ஆம்ப்ஹவர் பேட்டரியை சார்ஜரோடு தனியாக வைத்துவிடலாம். பெட்டி, ஹப், மோடம் சேர்ந்து பத்து வாட் என்று வைத்தாலும் ஆறேழு மணி நேரம் தாங்கும். ஹப்பும் அதே பேட்டரியில் ஓட வேண்டும், அதற்கு 12இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போதும். மெயின் இன்வெர்ட்டர் செத்துப்போன ராத்திரியில் ‘செத்தது இன்வெர்ட்டர்தான்’ என்று உங்களுக்குச் சொல்ல ஒருத்தர் உயிரோடு இருப்பார்.

மாட்டியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மெயின் பவரை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பிப் பாருங்கள், நாலைந்து தடவை. பல ஓஎல்டிகள் எழும்போது முதல் சில விநாடி “ஏதாவது கீ தட்டினால் நிற்பேன்” என்று காத்திருக்கும். அந்த நேரத்தில் மலிவு அடாப்டர் ஒன்று கம்பியில் ஒரு குப்பை எழுத்தைத் துப்பினால் ஓஎல்டி பாதியிலேயே நின்றுவிடும். சிஸ்கோவில் ‘பிரேக்’ சிக்னல் இதே வேலையைச் செய்யும். காப்பாற்ற வைத்த பெட்டியே கெடுக்கிறதா என்று ராத்திரியில் அல்ல, பகலில் தெரிந்துகொள்வது மேல்.

கன்சோலில் வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்யுங்கள், தானாக வெளியேறும் நேரமும் வையுங்கள். நீங்கள் திறந்துவிட்டுப் போன அட்மின் திரை, அடுத்து யார் வந்தாலும் அப்படியே அவருக்குக் கிடைக்கும். வேலையை விட்டுப்போன பையனுக்கும்தான்.

முழுக்க உறைந்துபோன கருவியைக் கன்சோல் எழுப்பாது. அதற்குக் கரண்டை நிறுத்திப் போட வேண்டும், அதற்கு ரிலே வேண்டும். அது தனிக் கதை, இன்னொரு டீக்கு.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. திருவாலங்காடு, பூனிமாங்காடு, திருத்தணி மூன்றுக்கும் சின்ன மைக்ரோடிக், வேறு கம்பெனி சிம், தனி பேட்டரி. கனகம்மாசத்திரம் மெயின் அறைக்கு ஒரு தின் கிளையன்ட், கான்சர்வர் போட்டு. செகண்ட் ஹேண்ட் அவோசென்ட் நல்ல விலையில், கேபிளோடு வந்தால் தின் கிளையன்டுக்குப் பதிலாக அது. மூன்றிடத்துக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் திருத்தணி, ஏனென்றால் அங்கே போவதுதான் கஷ்டம்.

நீங்களும் இதற்காக ரிச்சி ஸ்ட்ரீட் போவதாக இருந்தால் திருவள்ளூரில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை இருக்காது. போகும்போது உங்கள் ஓஎல்டியோடு வந்த கன்சோல் கேபிளையும், ஒரு பழைய ஸ்விட்சையும், லேப்டாப்பையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே சொருகி, எழுத்து ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு காசு கொடுங்கள். செகண்ட் ஹேண்ட் சாமானுக்கு வேறு வாரண்டி கிடையாது.